கைமாறிய மாஸ்டர் காப்பி

இர்பானாவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், எழுதுவாள். பேசித் தொலைத்திருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுதித் தொலைத்ததால்தான் இரண்டு நாள் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் காட்டூருக்குமாக நாய் படாத பாடு பட்டாள்.

முதலில் மடிப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஏ4 தாள். அதை மூன்று முறை மடித்துப் பிரித்து, நடுவில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, பதமாக உள்ளே தள்ளினால் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். பசை வேண்டாம், ஊசிநூல் வேண்டாம். எழுத்தும் படமும் தாளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மறுபக்கம் வெறுமையாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பெரிய ஊர்களில் இதற்கு ஏதோ ஸ்டைலான பேர் இருக்கிறதாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற முப்பது பேருக்கு அது வெறும் மடிப்புதான்.

அங்கே காசுப் பேச்சே கிடையாது. மடிப்புக்கு மடிப்பு. என்னுடையதை நீ எடுத்துக்கொள், உன்னுடையதை எனக்குக் கொடு. படித்து முடித்தால் அதை இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம். சும்மா கேட்பதும் சும்மா கொடுப்பதும் மரியாதைக் குறைவு. அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு, அடுத்தவர் மடிப்பைப் பிரித்துப் பின்பக்கம் பார்ப்பது. விருந்துக்குப் போன வீட்டில் பீரோவைத் திறந்து பார்க்கிற மாதிரி அது.

இர்பானாவும் பவித்ராவும் அங்கே மூன்று வருஷமாகக் கூட்டு. இர்பானா பாலக்கரைக்காரி, ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறாள். பவித்ரா தினமும் முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மிஷினோடு மல்லுக்கட்டுகிறாள். இவள் எழுதுவாள், அவள் வரைவாள். எழுதிய துண்டுகளையும் வரைந்த துண்டுகளையும் ஒரு தாளில் ஒட்டினால் அது மாஸ்டர். அதை பவித்ரா தன் மிஷினில் இருபத்தைந்து காப்பி எடுத்தால் அந்த மாதத்து மடிப்பு தயார்.

பவித்ராவின் கையில் ஒரு கோளாறு. யாரை வரைந்தாலும் தலையிலிருந்து ஆரம்பிப்பாள். தலை பூசணிக்காய் அளவுக்கு வந்துவிடும். வயிறு, இடுப்பு என்று இறங்கி முழங்காலுக்கு வரும்போது தாள் தீர்ந்துபோகும். அவள் வரைந்த உலகத்தில் ஒருத்தருக்கும் பாதம் கிடையாது. கேட்டால், “தாள் சின்னது, நான் என்ன பண்றது?” என்பாள்.

இந்த மாத மடிப்பு, பஸ்ஸில் சீட் பிடிப்பது எப்படி என்பது பற்றி. ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போடுவதிலிருந்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று பாசமாக விசாரிப்பது வரைக்கும் இர்பானா விலாவாரியாக எழுதியிருந்தாள். படியில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கிக்கொண்டு போகிற ஆளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இழைத்து இழைத்து எழுதியிருந்தாள். பவித்ரா வரைந்து அனுப்பிய ஆளுக்கு அந்த ஒற்றைக் காலும் இல்லை. அந்தரத்தில் தொங்கினான்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் பவித்ராவிடமிருந்து மெசேஜ் வந்தது. அண்ணன் மகனுக்கு மறுநாள் காது குத்தாம், மறந்தே போச்சாம், நீயே காப்பி போட்டு நீயே போயிட்டு வந்துடு, சாரி. இர்பானா பாலக்கரையில் ஏதோ ஒரு கடையில் காப்பி எடுத்தாள். பாதி காப்பி கரி பூசியது மாதிரி வந்தது. ஞாயிறு காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், சீட் பிடிப்பதைப் பற்றி மடிப்பு போட்டவளுக்கே சீட் கிடைக்கவில்லை. மெயின்கார்டு கேட்டில்தான் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து கைக்கு வந்த தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கைக்கு வந்தது மாஸ்டர். பக்க வரிசை சரியா என்று பார்க்க மாஸ்டரையும் வெட்டி மடித்துப் பார்ப்பது அவள் பழக்கம். அதைப் பிரித்துப் பின்பக்கத்தில், நடுவில் இருந்த வெட்டைத் தாண்டித் தாண்டி எழுதினாள்.

“பவித்ரா, ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் யோசித்து யோசித்து எழுதுகிறேன். நீ டீ குடிக்கிற நேரத்தில் வரைந்து தருகிறாய். உன் படம் என் எழுத்தைக் கீழே இழுக்கிறது. பாவம் என்று யாரும் உன்னிடம் சொல்வதில்லை. அடுத்த மாதத்திலிருந்து நான் தனியாகப் போட்டுக்கொள்கிறேன். இர்பானா.”

எழுதியதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அதை மறந்தும் போனாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் இருபத்தைந்து காப்பியும் பறந்தன. கடைசியாக வந்தவர் நஸ்ருல்லா. பெரிய கடை வீதியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நின்றுபோன கடிகாரங்கள் சொல்லும் சாக்குப்போக்குகள் என்று ஒரு மடிப்பு போட்டிருந்தார். இர்பானாவுக்கு அது வேண்டும். மேஜையில் காப்பி இல்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவினாள், ஒன்று அகப்பட்டது. “உங்களுக்கு அதிர்ஷ்டம்ணே, கடைசி ஒண்ணு இருக்கு” என்று பெருமையோடு கொடுத்தாள்.

சாயங்காலம் பவித்ரா போன் செய்தாள். 

“கோச்சுக்கிட்டியா?” என்று கேட்டாள். “சத்தியமா மறந்துட்டேன். காது குத்துல ஒரு மூலையில உக்காந்து பதினாறு படம் வரைஞ்சிட்டேன், அடுத்த மாசத்துக்கு. ரெண்டு தாளை ஒட்டி வரைஞ்சேன். எல்லாருக்கும் கால் இருக்கு, செருப்புகூட இருக்கு.”

இர்பானாவுக்குச் சுருக்கென்றது. போனை வைத்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடப் பையைத் தேடினாள். பையில் மற்றவர்களின் மடிப்புகளும் நஸ்ருல்லாவின் கடிகாரங்களும்தான் இருந்தன. “யா அல்லாஹ்” என்று தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மடிப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்க முடியாது, பவித்ராவும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள். மேலே அவள் பேர், கீழே இவள் பேர் என்று முகவரி எழுதாத குறையாகக் கடிதம் கிடக்கிறது. முப்பது பேர் கூட்டத்தில் ஒரு மடிப்பு இன்றைக்கு ஒரு கை, நாளைக்கு ஒரு கை. பவித்ரா கைக்குப் போவதற்கு எத்தனை நாள் ஆகிவிடும்? அவளை இழந்துவிடுவோம் என்ற பயம் இர்பானாவைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷமாக விட்டுத்தொலைக்க நினைத்தவளை இழக்கப் பயப்படுகிறோமே என்று அவளுக்கே அது விசித்திரமாக இருந்தது.

நஸ்ருல்லாவுக்குப் போன் போட்டாள். “மடிப்பு விஷயமெல்லாம் போன்ல பேசப்படாது தங்கச்சி, கடைக்கு வா” என்று வைத்துவிட்டார். திங்கள் டூட்டி முடிந்து பெரிய கடை வீதிக்கு ஓடினாள்.

“அது கூட்டத்துலயே கை மாறிடுச்சே” என்றார் அவர், கண்ணில் வைத்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமல்.

“யாருக்குண்ணே கொடுத்தீங்க?”

“சும்மா சொன்னா வழக்கம் கெட்டுப்போகும்மா. மடிப்புக்கு மடிப்பு.”

“காப்பி ஒண்ணுகூட இல்லைண்ணே.”

“தாள் இருக்கு, பேனா இருக்கு” என்று இரண்டையும் நகர்த்தி வைத்தார்.

இர்பானா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் ஏன் எப்போதும் நாளைக்கு வா என்கிறார்கள் என்பது பற்றிப் பத்து நிமிஷத்தில் எட்டுப் பக்கம் எழுதி மடித்து நீட்டினாள். நஸ்ருல்லா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படம் எங்கே?”

“எழுத்து இருக்கேண்ணே.”

“உங்க மடிப்பை நான் வாங்குறதே படத்துக்குத்தானே.”

இர்பானா அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கிக்கொண்டு ஒரு வாட்ச் வரைந்தாள். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

“வடையா இது?”

“வாட்ச்ண்ணே.”

“முள்ளு ரெண்டு இருக்கு, அதனால நம்புறேன்” என்று சொல்லிப் போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார். மாஸ்டர் போன இடம், ஸ்ரீரங்கம் செல்வப்பிள்ளை சாரிடம்.

செல்வப்பிள்ளை கீழ உத்திர வீதியில் இருக்கிறார். பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தெருப் பூனைகளின் வம்ச சரித்திரத்தைப் பாகம் பாகமாக மடிப்பு போட்டுவருகிறார், பதினோராம் பாகம் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு இர்பானா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“வாங்கோ வாங்கோ. என்ன பாக்யம், க்ருஹத்துக்கே எழுந்தருளியிருக்கேள்” என்று நாற்காலியிலிருந்து ஒரு பூனையைத் தூக்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். “அடடா, அதை அன்னிக்கே தைரியராஜ்கிட்ட மாத்திண்டுட்டேனே. அவர் மீன்தொட்டியைப் பத்திப் போட்டிருந்தார். நமக்கு மீன் ஆகாது. ஆனா இவாளுக்கெல்லாம் பிடிக்குமேன்னு வாங்கிண்டேன்.” சுற்றிலும் படுத்திருந்த நாலு பூனைகளைக் கையால் காட்டினார்.

அதைச் சொன்னதற்கும் அவருக்கு ஒரு மடிப்பு வேண்டியிருந்தது. இர்பானா இந்த முறை கேட்காமலே படம் போட்டாள், நாற்காலியை இழந்த பூனையையே மாடலாக வைத்து. செல்வப்பிள்ளை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இது எந்த அவதாரம்? வராஹமா?”

“பூனை சார்.”

“க்ஷமிக்கணும். அடியேனுக்குப் பார்வை மட்டு.” அவர் சிரிக்காமலேதான் சொன்னார். “உங்க ஸ்நேகிதி போடற மாதிரி எல்லாருக்கும் வருமா? அந்த பஸ்ல தொங்கறான் பாருங்கோ, காலே இல்லாம. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்ம ஊர் பஸ்ல காலை வைக்க இடம் ஏது? அதை என்னமாப் பிடிச்சிருக்கா.”

“அந்தப் பக்கத்துல எழுதியிருந்தது சார்?”

“படிக்கணும்னுதான் நினைச்சேன்” என்றார் செல்வப்பிள்ளை. “சிரிப்புல விட்டுப்போச்சு.”

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது இர்பானாவுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. இழைத்து இழைத்து எழுதியது நான், பேர் வாங்குவது அவளா என்று ஒரு பொறாமை. அந்தப் பொறாமையோடுகூட, இரண்டு நாளில் ஒரு வாட்சும் ஒரு பூனையும் தன்னால் வரைய முடியவில்லையே என்ற வெட்கம். டீ குடிக்கிற நேரத்தில் வரைந்து தருகிறாய் என்று எழுதிய வரி அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

துவாக்குடி பஸ்ஸைப் பிடித்துக் காட்டூரில் இறங்கினாள். தைரியராஜ் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். இவளைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இப்பதாங்க கொடுத்தேன்” என்றார். “குரூப்ல பவித்ரா கேட்டிருந்தாங்களே, நீங்க பாக்கலையா? இந்த மாசத்து மடிப்பு என் கைக்கே வரலை, யார்கிட்டயாவது இருக்கான்னு. மத்தியானம் கம்பி வாங்க சத்திரம் பக்கம் போனேன். அப்படியே கடையில கொடுத்துட்டேன்.”

“வாங்கிட்டு என்ன பண்ணா?”

“தடவிப் பாத்துட்டு, இது மாஸ்டராச்சே, நாலு காப்பி நல்லாப் போட்டு வைக்கிறேன்னாங்க. பிரிச்சு மிஷின்ல வச்சாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் திருப்பிப் பாத்தாங்க. நான் வண்டியை எடுத்துட்டேன்.”

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வழக்கமாவது மரியாதையாவது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முன்னாடி பின்னாடி பார்ப்பதுதான் அவள் பிழைப்பே. இர்பானா இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடிக்கொண்டே, “உங்களுக்கும் ஒரு மடிப்பு தரணும்ல” என்றாள்.

தைரியராஜ் அவசரமாகக் கையை அசைத்தார். “வேணாங்க. நஸ்ருல்லாண்ணன் குரூப்ல வடைன்னு போட்டோ அனுப்பியிருந்தார், பாத்தேன்.”

சத்திரத்தில் இறங்கும்போது ஆறு மணி. ஜெராக்ஸ் கடையில் கூட்டம். யாரோ ஆதார் அட்டையையும் யாரோ ரேஷன் கார்டையும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா தலை நிமிராமல் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இர்பானா வரிசையில் நின்றாள். முறை வந்தது.

“என்ன காப்பி வேணும்?” என்று கேட்டாள் பவித்ரா, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பது மாதிரி.

அந்தக் குரலுக்கே இர்பானாவுக்கு அழுகை வந்துவிட்டது. “பவித்ரா, பஸ்ல கோபத்துல எழுதினது அது.”

“கோபத்துல எழுதினாப் பொய்யா?”

இர்பானாவுக்குப் பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் வரவில்லை. “இல்ல. அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தப்பா நினைச்சிருக்கேன்.”

பவித்ரா மிஷின் மூடியைச் சாத்தினாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. “மத்தியானம் சோறு இறங்கல எனக்கு. டப்பாவை அப்படியே மூடி வச்சுட்டேன்.”

“அதைக் கொடுத்துடு. கிழிச்சுப் போட்டுடுறேன்.”

“கொடுக்க மாட்டேன். அது எனக்கு எழுதினது, எனக்கு வந்துடுச்சு. மடிப்புக்கு மடிப்பு, அவ்வளவுதான். என்னுது உனக்கு வரணும்ல.” மேஜை டிராயரைத் திறந்து ஒரு மடிப்பை எடுத்து நீட்டினாள்.

அதில் ஒரு படம்கூட இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு வரி எழுதாத பவித்ரா எட்டுப் பக்கமும் எழுதியிருந்தாள். அட்டையில் ‘இர்பானா’ என்று மட்டும் இருந்தது. இர்பானா ஓரமாக நகர்ந்து நின்று படித்தாள்.

“முப்பத்தி நாலு மடிப்பு போட்டிருக்கோம். முப்பத்தி நாலையும் முசிறி பஸ்ஸில் வரைந்தேன். நிறையத் தடவை நின்றுகொண்டு. டீ குடிக்கிற நேரம் எனக்குக் கிடையாது. அந்த நேரத்தில் மிஷின் துடைப்பேன்.”

“அவள் எழுத்தை வாசித்தால் எனக்கு வரையத் தோன்றும். இதை அவளிடம் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். என் படம் நல்லாயிருக்கு என்று அவள் ஒரு தடவை சொன்னாள். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல்.”

இர்பானாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

“அட்டையில் அவள் பேர் பெரிசாக இருக்கும், என் பேர் சின்னதாக இருக்கும். ஆடி மாசம் என் பேர் இல்லவே இல்லை. இடம் பத்தவில்லை என்றாள். எனக்கு இடம் பத்தவில்லை என்றால் கால் போகும். அவளுக்கு இடம் பத்தவில்லை என்றால் நான் போவேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மிச்சப் பக்கங்களை எப்படிப் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னட்டையில், “இங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவளாக இருந்தால் ஏதாவது எழுதியிருப்பாள்” என்று இருந்தது.

“அழாதே, தாள் நனையும்” என்றாள் பவித்ரா. “அது ஒரே காப்பிதான்.”

“மிஷினைக் கையில வச்சுக்கிட்டு ஒரே காப்பியா?”

“ஊர் படிக்கவா எழுதினேன்? நீ படிக்க எழுதினேன்.”

இர்பானா துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் எழுதுறதை எல்லாம் விட இது நல்லா இருக்குடி.”

“தெரியும்.”

“அந்த ஆடி மாசப் பக்கம் மட்டும் கொஞ்சம் மாத்திடேன்.”

“எழுத்துல கை வைக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே.”

ஒருத்தர் மார்க் ஷீட்டோடு வந்தார், பவித்ரா மூன்று காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். இர்பானா அதுவரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டாள். “அடுத்த மாசம் நாம சேர்ந்து போடுறோமா, இல்லையா? சொல்லிடு.”

பவித்ரா தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். அதன்மேல் ஒரு பென்சிலை வைத்து இர்பானா பக்கம் தள்ளினாள்.

“போடுறோம். ஆனா நான் எழுதுறேன், நீ வரை.”

“எனக்கு வரைய வராதுடி.”

“பாத்தேன். வடை நல்லாத்தான் இருந்துச்சு.”

“கூட்டத்துல என் மானம் போயிடும்.”

“போகட்டும். கூடவே நானும்தானே நிக்கப் போறேன்.”

இர்பானா தாளை எடுத்து மேஜைமேல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மடித்தாள். கத்தரியை வாங்கி நடுவில் வெட்டினாள். பிறகு அட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலால் பெரிசாக ‘பவித்ரா’ என்று எழுதினாள். எழுதியது அட்டையை முழுக்க அடைத்துக்கொண்டது.

“உன் பேருக்கு இடம்?” என்று கேட்டாள் பவித்ரா.

“பத்தலை” என்றாள் இர்பானா.